எடைக்கு எடுக்காதவை

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் நான்கு தொட்டிகள் வந்துவிட்டன. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். சுகாதாரக் கழிவு என்றால் நாப்கின், டயப்பர் போன்றவை. சிறப்புக் கவனம் தேவைப்படுவது என்றால் பழைய பல்பு, மருந்து போன்றவை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய விதிகள் இப்படித்தான் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி நிறையப் பேசினோம். எந்தத் தொட்டி எங்கே நிற்க வேண்டும், யார் கழுவ வேண்டும், மாடிக்கு மாடி வேண்டுமா என்றெல்லாம் பேச்சு போனது. உலர் கழிவுத் தொட்டிக்குள் விழும் பொருள் அதன் பிறகு எங்கே போகிறது என்பது மட்டும் பேச்சில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தொட்டிக்குள் இருப்பது ஒரே ரகக் கழிவு அல்ல. சிலவற்றுக்குச் சந்தையில் விலை உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. விலை உள்ளது யாருடைய உத்தரவும் இல்லாமல், யாராவது ஒருவர் கையால் பொறுக்கப்பட்டு ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். விலை இல்லாததை எத்தனை தொட்டி வைத்துப் பிரித்தாலும் கடைசியில் குப்பை மேட்டுக்கோ குப்பை எரிக்கும் உலைக்கோதான் அது போகும். நம் விதிகளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே ஓடும் கோட்டைப் பார்க்காமலே எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

வட சென்னையில் என் அப்பா பழைய பேப்பர், இரும்புக் கடை வைத்திருந்தார். ஊர் வழக்கில் காயலான் கடை. பள்ளி விட்டு வந்ததும் கணக்கு நோட்டு என் பொறுப்பு. எடையை அப்பா சத்தமாகச் சொல்வார், நான் எழுதுவேன். பேப்பர், நோட்டுப் புத்தகம், அட்டை, இரும்பு, தகரம், அலுமினியம், பித்தளை, செம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. பிளாஸ்டிக்குக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். வாங்குவது ஒரு வேலை, பிரிப்பது பத்து வேலை என்பார்.

பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் விதத்தைப் பார்த்தால் எந்த வேதியியல் ஆசிரியரும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். தெரியாத துண்டு ஒன்று வந்தால் முதலில் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு சில்லை உடைத்துத் தண்ணீர் வாளியில் போடுவார்கள். மிதந்தால் பக்கெட், குடம், நாற்காலி வகை. மூழ்கினால் குழாய் வகையாகவோ தண்ணீர் பாட்டில் வகையாகவோ இருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் நுனியில் தீ வைத்து முகர்வார்கள். மெழுகுவத்தி வாசம் வந்தால் அது பாலித்தீன். மூக்கைக் குத்தும் காரமான நெடி வந்தால் பிவிசி, உடனே அணைத்துவிடுவார்கள். அந்தப் புகையை அத்தனை ஆண்டுகள் முகர்ந்தவர்களின் நுரையீரலைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. ஒரு மூட்டையில் தப்பான வகை கலந்திருந்தால் ஆலைக்காரர் முழு மூட்டையையும் குறைந்த விலைக்கு இறக்கிவிடுவார். அதனால் அந்தக் கடையில் தரம் பிரிப்பது சட்டத்துக்குப் பயந்து நடந்ததில்லை. பிரித்தால் அன்றைக்குச் சோறு, அவ்வளவுதான்.

பால் கவர் நல்ல சரக்கு. கழுவிக் காயவைத்து வந்தால் ஒரு விலை, பால் நாற்றத்தோடு வந்தால் வேறு விலை. தண்ணீர் பாட்டில் நசுக்கிக் கட்டுக்கட்டாக வெளியூர் போகும், அங்கே அது பாலியஸ்டர் நூலாகும். அட்டைப்பெட்டி உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காகித ஆலைகளுக்குப் போகும். இரும்பு, கும்மிடிப்பூண்டியில் உருக்கப்பட்டுக் கட்டடக் கம்பியாகத் திரும்பி வரும். இதெல்லாம் மறுசுழற்சி என்ற சொல்லை அரசாணைகளில் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே நடந்துகொண்டிருந்த வேலை.

கடை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் பொருள்களும் உண்டு. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை, தெர்மகோல், மெல்லிய கேரி பை, பழைய செருப்பின் சில பாகங்கள், உடைந்த பீங்கான். சிப்ஸ் பாக்கெட் பளபளவென்று வெள்ளிபோல இருக்கும். ஒரு நாள் அதற்கு ஏன் விலை இல்லை என்று அப்பாவிடம் கேட்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று ரகத்தை ஒட்டிச் செய்திருக்கிறார்கள், ஒட்டியவனாலேயே பிரிக்க முடியாது, உருக்குகிறவன் எப்படி வாங்குவான் என்றார். பல அடுக்குப் பிளாஸ்டிக் உறை பற்றி நான் பின்னாளில் படித்த அறிக்கைகள் இதைத்தான் பல பக்கங்களில் சொல்லியிருந்தன.

கொடுங்கையூர்க் குப்பை மேட்டிலிருந்து கோணியோடு வரும் பெண்கள் எங்களுக்கு வாடிக்கை. கையில் நுனி வளைந்த கம்பி இருக்கும். விடியும் முன் போய், வெயில் ஏறும் முன் இறங்கிவிடுவார்கள். ஒரு அக்கா மட்டும் தன் கோணியை ஏற்கெனவே பிரித்தே கொண்டு வருவார். அடியில் இரும்பு, நடுவில் பாட்டில், மேலே பால் கவர். அவருடைய கோணியைக் கொட்டும்போது கடையில் யாரும் மறுவார்த்தை பேச மாட்டார்கள். அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: வீட்டிலேயே சோற்றோடு கலக்காமல் போட்டிருந்தால் இதே கோணியில் இரண்டு மடங்கு காசு. வீட்டிலேயே பிரிப்பது என்று இன்றைக்கு விதி கேட்கிற காரியத்தால் யார் வயிறு நிறையும் என்பதை நான் அந்த அக்காவிடம்தான் கற்றேன்.

கடைக்காரர்கள் எல்லோரும் நியாயவான்கள் என்று நான் சொல்லவில்லை. ஈரம் இருக்கிறது என்று எடையில் கழிப்பது, முன்பணம் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போக விடாமல் பிடித்து வைப்பது, இதெல்லாம் அந்தத் தொழிலில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைச் சரி செய்ய வேண்டிய இடத்தில்தான் சட்டம் வர வேண்டும் என்கிறேன்.

சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996-இல் அல்மித்ரா படேல் என்ற பெங்களூருப் பொறியாளர் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்குதான் முதல் தூண்டுதல். அதன் விளைவாக 2000-இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016 ஏப்ரலில் அவற்றின் இடத்தில் விரிவான விதிகள் வந்தன. மூன்றாகப் பிரிப்பது, தெருவில் எறியவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்பது, சேவைக் கட்டணம், நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்பது எல்லாம் அதில் வந்தன. நாப்கின், டயப்பர் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பாக்கெட்டோடும் அதைச் சுற்றிப் போட உறை தர வேண்டும் என்பதும் அதில்தான் வந்தது. இந்தக் கடைசி ஒன்று மேட்டில் வெறுங்கையால் பொறுக்கும் பெண்களுக்காகவே எழுதப்பட்டதுபோல எனக்குத் தோன்றும். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பாக்கெட்டில் அந்த உறையைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அதே 2016 விதிகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. கழிவைக் குறைப்பதில் குப்பை பொறுக்குபவர்கள், காயலான் கடைக்காரர்கள் அடங்கிய முறைசாராத் துறைக்கு முதன்மையான பங்கு இருப்பதை மாநிலக் கொள்கை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது. அவர்களுடைய அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரித்து, வீடுவீடாகச் சேகரிக்கும் வேலையில் சேர்த்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த வரிகளை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டியிருப்பேன்.

செய்ய முடியாத காரியமும் அல்ல அது. புனேயில் காகித, கண்ணாடி பொறுக்குபவர்களின் தொழிற்சங்கம் 1993-இலேயே தொடங்கிவிட்டது. அதிலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு 2008-இல் அந்த மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. முன்பு மேட்டில் பொறுக்கிய பெண்களே இப்போது வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் அவர்கள் கைக்கே போகிறது. உலர் கழிவை விற்கும் காசும் அவர்களுக்குத்தான். பெங்களூருவில் மாநகராட்சியே அவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. வார்டுகளில் உள்ள உலர் கழிவு மையங்கள் பலவற்றை முன்னாள் பொறுக்குபவர்கள் நடத்துகிறார்கள். இரண்டு நகரங்களிலும் குறைகள் இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்களுக்கு அங்கே சீருடை இருக்கிறது, பெயர் இருக்கிறது.

இனி விலை இல்லாத பொருளுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வரும் இடம் இது.

2016-இல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்றன. மிகத் தெளிவான வாசகம். அதாவது எங்கள் கடை வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பளபளப்பு உறைகள் 2018-க்குள் போயிருக்க வேண்டும். 2018 வந்தபோது உறைகள் அப்படியே இருந்தன, விதியின் வாசகம்தான் மாறியது. மறுசுழற்சி செய்ய முடியாதது, அல்லது எரிசக்தி எடுக்க முடியாதது, அல்லது வேறு பயன்பாடு இல்லாதது என்று திருத்தினார்கள். எதை எரித்தாலும் வெப்பம் வரும். சிமென்ட் சூளையில் போட்டாலும் அது எரிசக்திதான், தாரில் கலந்து சாலை போட்டாலும் அது வேறு பயன்பாடுதான். தடை செய்யப்பட வேண்டிய பொருள் என்று சுட்டிக்காட்ட ஒரு சாஷேகூட மிஞ்சவில்லை. ஒரு சில சொற்களைச் சேர்த்ததால் கோடிக்கணக்கான பாக்கெட்டுகள் தப்பித்துவிட்டன.

பிளாஸ்டிக் சாலையை நான் குறை சொல்லவில்லை. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. யாரும் வாங்காத பொருளுக்கு ஒரு வழி காட்டியவர் அவர். ஆனால் வழி ஒன்று கிடைத்தது என்பதற்காக, அந்தப் பொருளை வரம்பில்லாமல் செய்துகொண்டே இருக்கலாம் என்று அர்த்தம் செய்வது அவருடைய உழைப்பையே தப்பாகப் பயன்படுத்துவது. அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளுக்கு இங்கிருந்து லாரி லாரியாகப் போகும் உறைகளுக்கும் இதையே சொல்வேன். சேகரிக்க, கட்ட, ஏற்ற, எடுத்துச் செல்ல ஆகும் செலவில் பெரும்பகுதி உள்ளாட்சியின் தலையில், அதாவது நம் தலையில்தான் விழுகிறது. பொருளை விற்று லாபம் பார்த்தவர் அந்த லாரியில் ஏறுவதே இல்லை.

அவரை ஏற்றத்தான் உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பு என்ற ஏற்பாடு. 2022 பிப்ரவரியில் அதற்கான வழிகாட்டுதல்கள் வந்தன. நிறுவனம் சந்தையில் விடும் பிளாஸ்டிக்குக்கு ஏற்ப மறுசுழற்சி செய்பவர்களிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் எல்லாம் பதிவாகும். நான் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவள், ஒரு பொறுப்பைச் சான்றிதழாக மாற்றினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதுவே நடந்தது. செய்யாத மறுசுழற்சிக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் போடப்பட்டிருந்ததை அந்த வாரியமே தணிக்கையில் கண்டுபிடித்தது. ஏற்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சான்றிதழை விற்பவர் பணம் பார்க்கிறார், வாங்குபவர் கடமை தீர்ந்தது என்கிறார். முதன்முதலில் குனிந்து எடுத்தவருக்கு அந்தப் பணத்திலிருந்து இவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் நான் படித்தவரை அந்த வழிகாட்டுதல்களில் எங்கும் இல்லை.

விலை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நீலகிரியைப் பாருங்கள். மலையில் குடித்துவிட்டு எறியும் மதுப் பாட்டில்கள் காட்டுக்குள் உடைந்து கிடந்து யானைகளின் பாதத்தைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் அந்த மாவட்டத்தில் டாஸ்மாக் கடைகளில் ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக அதைக் கொண்டுபோனார்கள். குடித்தவரே திருப்பிக் கொடுக்காவிட்டாலும் அந்தப் பத்து ரூபாய்க்காக வேறொருவர் குனிந்து எடுப்பார் என்பதுதான் இதன் பலம். மலையில் எத்தனையோ ஆண்டுகள் எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. அவற்றால் ஆகாத காரியத்தைப் பத்து ரூபாய் செய்தது.

டாஸ்மாக் ஊழியர்கள் இதை எதிர்த்ததும் உண்மை, அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. சின்னக் கடையில் காலி பாட்டிலை எங்கே அடுக்குவது, ஸ்டிக்கர் ஒட்டி, வாங்கி, எண்ணிப் பார்க்க ஆள் எங்கே என்று கேட்டார்கள். காயலான் கடையில் வளர்ந்தவளுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் புரியும். இந்தத் தொழிலில் பாதிப் பிரச்சினை இடம்தான். திட்டத்தை எழுதுபவர்கள் கடைசியாக யோசிப்பதும் அதைத்தான்.

நம் பிளாஸ்டிக் தடைகளையும் இப்படிப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பதினான்கு வகைப் பொருள்களுக்குத் தடை. உறிஞ்சுகுழல், தேநீர்க் குவளை, மெல்லிய பை, துணிபோலத் தெரியும் ஆனால் துணியே அல்லாத அந்தப் பை எல்லாம் பட்டியலில் உண்டு. அவற்றில் அநேகம் எங்கள் கடை எடைக்கு எடுக்காதவை. ஆகவே அந்தத் தடை சரியான இடத்தில் விழுந்த தடை. கேரி பையின் குறைந்தபட்சத் தடிமனை மத்திய விதிகள் 50 மைக்ரானிலிருந்து (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 2021 செப்டம்பர் இறுதியில் 75-ஆகவும், 2022 டிசம்பர் இறுதியிலிருந்து 120-ஆகவும் உயர்த்தியதைப் பலர் வெறும் தொழில்நுட்ப விஷயம் என்று நினைக்கிறார்கள். மெல்லிய பையை ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினாலும் தராசு முள் அசையாது. தடித்த பை என்றால் குனிந்ததற்குக் கூலி கிடைக்கும். கடைக்காரரும் அதைச் சும்மா கொடுக்க யோசிப்பார். சட்டத்தில் மைக்ரான் என்று எழுதியிருப்பதை எங்கள் கடையில் கூலி என்று படிப்போம்.

ஒரு கையால் இதைச் செய்துகொண்டே மறு கையால் அரசு எதிர்த்திசையில் இழுத்ததையும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபர் முதல் பிளாஸ்டிக் கழிவுக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. தெருக்கடை பதிவு வரம்புக்குள் வராது, ஆனால் அதனிடம் வாங்கும் மொத்த வியாபாரியும் அரைத்து உருக்கும் ஆலையும் வருவார்கள். மேலே ஏறும் வரி கீழே கொள்முதல் விலையில் கழிந்து, கோணியோடு நிற்பவர் கையில்தான் முடியும். 2024 அக்டோபரிலிருந்து, பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் பதிவு பெற்ற வாங்குபவரே வரி கட்ட வேண்டும் என்றும் ஆனது. வரி ஏய்ப்பைத் தடுக்க அது தேவை என்பதை ஒரு கணக்காளராக நான் ஏற்கிறேன். ஆனால் பேப்பரும் பாட்டிலும் பொறுக்கி நகரத்தைச் சுத்தமாக வைப்பதும் ஒரு சேவை என்றால், அந்தச் சேவைக்கு வரி போட்டுவிட்டு விழிப்புணர்வு ஊர்வலத்துக்குச் செலவு செய்வது எந்தக் கணக்கிலும் நேராகாது.

விலை என்பது எப்போதும் நிற்கும் பொருளும் அல்ல. கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகிவிடும், பழையதை யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் கப்பலில் குவிந்தால் நம் ஊர் அட்டை விலை இறங்கும். 2018-இல் சீனா கழிவு இறக்குமதிக்குக் கதவடைத்தபோது அந்தச் சரக்கு வேறு நாடுகளின் துறைமுகங்களைத் தேடி வந்தது. கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்கினாலும் மேட்டில் பொறுக்குபவர் அந்த ரகத்தை அப்படியே விட்டுவிட்டு வருவார். நேற்றுவரை மறுசுழற்சியான பொருள் இன்று குப்பையாகிவிடும், பொருளில் எந்த மாற்றமும் இல்லாமலே. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை இருப்பதுபோல, பால் கவருக்கும் அட்டைக்கும் விலை விழும் மாதங்களில் உள்ளாட்சி ஈடுகட்டி வாங்கினால் என்ன? மேட்டில் கொட்டிவிட்டுப் பிறகு தோண்டி எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

தோண்டி எடுக்கும் செலவைக் கொடுங்கையூரிலேயே பார்க்கலாம். 340 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த மேட்டில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த 66 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பழைய குப்பையை அகழ்ந்து பிரிக்கும் வேலைக்குச் சுமார் 640 கோடி ரூபாய். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கிய பெருங்குடி மேட்டிலும் இதே வேலைதான். அங்கே 2022 ஏப்ரல் இறுதியில் பிடித்த தீ பல நாள் எரிந்தது, தெற்குச் சென்னை முழுக்கப் புகை. கொடுங்கையூரில் அகழ்ந்த இடத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வைப்பது என்ற திட்டத்தை வட சென்னை மக்கள் எதிர்த்து வருகிறார்கள். மனிதச் சங்கிலியாக நின்றார்கள். காற்றைப் பற்றிய அவர்களுடைய அச்சம் நியாயமானது. அனல் மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் ஏற்கெனவே சூழ்ந்திருக்கும் பகுதி அது.

எனக்கு இன்னொரு அச்சமும் உண்டு. உலை தினமும் எரிந்தாக வேண்டும். ஈரச் சோற்றை வைத்து எரிக்க முடியாது. நன்றாக எரிவது காய்ந்த அட்டை, பேப்பர், பிளாஸ்டிக். அதாவது காயலான் கடைக்கு வர வேண்டிய சரக்கு. மறுசுழற்சி செய்ய முடியாததை மட்டுமே எரிக்கலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் உலை வாசலில் நின்று பால் கவரைப் பொறுக்கி வெளியே எடுப்பவர் யார்? ஒருமுறை உலை வைத்துவிட்டால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அதற்குத் தீனி போட்டே ஆக வேண்டும். குறைவாகக் கழிவு உண்டாக்கும் நகரம் அந்த உலைக்குக் கட்டுப்படியாகாது.

வீட்டில் நான் செய்வது எளிமையானது, புதிதாக எதுவும் இல்லை. பால் கவரைக் கழுவி ஜன்னல் கம்பியில் மாட்டுகிறேன். வெட்டும்போது மூலைத் துண்டைப் பிய்த்து எறியாமல் கவரோடு ஒட்டியே விடுகிறேன். அட்டையில் எண்ணெய் பட விடுவதில்லை. மாதம் ஒருமுறை தெருவில் வண்டியோடு வரும் பேப்பர்காரருக்குக் கொடுக்கிறேன். பேரம் பேசுவதில்லை. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி மேலே பேனாவால் ஒரு குறி போடுகிறேன், பிரிப்பவர் திறந்து பார்க்காமல் இருக்க. ஈரக் கழிவு எங்கள் மாடித் தொட்டியிலேயே மக்குகிறது.

சங்கத்தில் இப்போது வேறொன்றைத் தொடங்கியிருக்கிறோம். உலர் கழிவில் பேப்பர்காரர் எடுத்தது போக, அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தனியாக வைத்து ஞாயிறுதோறும் எடை போட்டு, எந்த நிறுவனத்தின் உறை என்று எழுதுகிறோம். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது பள்ளிப் பிள்ளைகள்தான் ஆர்வமாகப் பிரித்து அடுக்குகிறார்கள். ஒரே சில நிறுவனங்களின் பெயர்கள்தான் வாரம் தவறாமல் வருகின்றன. எல்லாம் வீட்டுக்கு வீடு நன்றாகத் தெரிந்த பெயர்கள்.

தமிழ்நாட்டில் 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் குடியிருப்பவர்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் உண்டு. அடுத்த பகுதி சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வார்டின் உலர் கழிவு மையத்தில் கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள பிரிக்கும் இடம் வேண்டும். அங்கே வேலை செய்ய, ஏற்கெனவே இந்தப் பகுதியில் பொறுக்கி வாழ்பவர்களுக்கே முதல் உரிமையும் அடையாள அட்டையும் வேண்டும். சுற்றியுள்ள காயலான் கடைகளைப் பட்டியலிட்டு, அன்றன்றைய கொள்முதல் விலையை மைய வாசலில் எழுதிப் போட வேண்டும், எடையில் யாரும் ஏமாற்ற முடியாதபடி. விற்காமல் மிஞ்சும் உறைகளின் நிறுவனவாரிக் கணக்கை மாதந்தோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசிக் கோரிக்கை நம்மால் ஆகாது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஒரு குடியிருப்பு மட்டும் என்றால் அவர் சொல்வது சரி, பத்துக் குடியிருப்புகளின் கணக்கு ஒன்றாக வந்தால் யாரும் ஒதுக்கிவிட முடியாது என்று பதில் சொன்னேன்.

ஆகவே பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது செய்ய விரும்பினால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவோம்: தேதி, நிறுவனம், என்ன பொருளின் உறை, எத்தனை கிராம், பேப்பர்காரர் அதை எடுக்க மறுத்த காரணம். காரணத்தை அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். காய்கறி நிறுக்கும் தராசு போதும். உறைகளை எண்ணெய் போகத் துடைத்துவிட்டு நிறுங்கள், இல்லாவிட்டால் எடை தப்பாக வரும்.